முழங்கால் நோகிறது என்றேன்

நான் பொய் சொன்னேன். ஒரு நோயாளி சொன்னதை மறைத்து, அவன் சொல்லாத ஒன்றை மருத்துவமனைக்காரரிடம் சொன்னேன். அந்த நோயாளி என் தங்கையின் கணவன். வாய் தவறிச் சொன்னதல்ல அது, தெரிந்தே சொன்னேன். உங்களிடம் அதை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

அவன் பெயர் யூட். 2009இல் வன்னிக் கடற்கரையில் என் தங்கை றெஜினாவை இழந்தான். பிறகு எங்கெங்கோ அலைந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தான். லா சப்பலில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் ஓர் அறை. நான் அவனுக்கு வெகுகாலம் முன்பே இங்கு வந்தவள். ஒபர்வில்லியேயில் துணிக் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எனக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். அவனுக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

றெஜினா எப்படிச் செத்தாள் என்று ஒருமுறை கேட்டேன். "பக்கத்திலை ஷெல் விழுந்தது அக்கா. அவவுக்கு ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்றான். அதை நான் நம்பினேன்.

பிறகொரு நாள் சமையலறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நெஞ்சைத் திறந்து, அடைபட்ட இரத்தக் குழாய்களுக்கு மாற்று வழி வைத்தார்கள். அறுவை நல்லபடி முடிந்தது. ஆனால் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: இது பாதி வேலைதான், மீதி பயிற்சியில் இருக்கிறது. நகருக்கு வெளியே அதற்கென ஒரு நிலையம். வாசலுக்கே டாக்சி வரும். அங்கே போய் சைக்கிள் மிதிக்க வேண்டும், நடக்க வேண்டும், இதயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

யூட் சில தடவைகள் போனான். பிறகு டாக்சி ஆளில்லாமல் திரும்பத் தொடங்கியது. நிலையத்திலிருந்து எனக்கு அழைத்தார்கள். "ஏன் வருகிறாரில்லை? காரணம் தெரிந்தால் எதையும் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் பயிற்சி கொடுப்பவர். இங்கே அவர்களைக் கினே என்பார்கள். நல்ல மனிதர். நான் விடுப்பு எடுத்து யூட்டைக் கூட்டிக்கொண்டு போனேன்.

நீண்ட கூடம். வரிசையாகச் சைக்கிள்கள். நெஞ்சில் வயர்கள் ஒட்டிய வயோதிபர்கள் பேசாமல் மிதித்துக்கொண்டிருந்தார்கள். யூட்டும் ஏறி மிதித்தான். திரையில் அவனுடைய துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. அவன் முகம் இடப்பக்கம் திரும்பியது. அங்கே ஆளில்லாத சைக்கிள் ஒன்றுதான் நின்றது. சட்டென்று மிதிப்பதை நிறுத்தினான். நிறுத்திய பிறகும் எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கேளுங்கோ அக்கா… இப்பதான் நிக்கிறா."

"ஆர்?"

"றெஜி. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கினா அவவும் ஓடி வாறா. செருப்பில்லாமல், மணலிலை. நான் நிண்டு கொஞ்சம் பிந்தித்தான் அவ நிக்கிறா." அவன் குரல் இறங்கியது. "அண்டைக்கும் பின்னாலை ஓடி வந்தவ அக்கா. என்னைக் கூப்பிட்டவ. நான் திரும்பிப் பாக்கேல்லை."

அப்படியென்றால் ஷெல் விழுந்த கதை…

கினே குனிந்து கேட்டார்: "என்ன சொல்கிறார்?"

"முழங்கால் நோகிறதாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவனுக்குப் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயமா? பல காலம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். என் தங்கை கூப்பிடக் கூப்பிட ஓடியவன் அல்லவா? அந்தக் காலடிச் சத்தம் அவனைவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன். கேட்கட்டும், காலம் முழுக்கக் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அவர்கள் முழங்காலைப் பார்த்தார்கள். சைக்கிளின் இறுக்கத்தைக் குறைத்தார்கள். யூட் அதன் பிறகு போகவில்லை. மறுபடி அழைத்தபோது, வேலைக்குத் திரும்பிவிட்டான் என்றேன். அழைப்புகள் நின்றன.

வேலைக்கு அவன் போகவேயில்லை. நெஞ்சு வேகமாக அடிக்காமல் வாழப் பழகிக்கொண்டான். கட்டடத்தில் லிப்ட் இல்லை. படி இறங்குவதை விட்டான். கதிரையிலிருந்து எழும்பினால், எழும்பிய இடத்திலேயே நின்று காத்திருப்பான். கீழே தெருவில் யாராவது ஹோர்ன் அடித்தால் நெஞ்சைப் பொத்திக்கொள்வான். இதயம் பலவீனப்பட்டுக்கொண்டே போகிறது, அசைய வேண்டும் என்று அறைக்கு வந்து பார்த்த மருத்துவர் சொன்னார். அதை மட்டும் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. ஒருநாள் என்னால் தாங்க முடியாமல் அந்த நிலையத்துக்குத் தனியாகப் போனேன். கினேயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அறுவைக்குப் பிறகு தங்கள் நெஞ்சடிப்புக்கே பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இவருக்கு அதற்கு மேலும் இருந்திருக்கிறது. பேசுவதற்கு இங்கே ஆள் உண்டு. வெறும் நடையோடு தொடங்கியிருப்போம். பக்கத்து சைக்கிளில் நீங்களே இருந்திருக்கலாம்" என்றார். இப்போதும் கூட்டி வரச் சொன்னார்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி நேரே யூட்டின் அறைக்குப் போனேன். "அண்டைக்கு நான் பிழையாச் சொன்னனான்" என்றேன்.

"தெரியும் அக்கா. ழெனூ எண்டா முழங்கால். ஆஸ்பத்திரியிலை நான் முதல் படிச்சது உடம்புச் சொல்லுகள்தான்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீ?"

"உங்கடை தங்கச்சி அக்கா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

திரும்பவும் போவோம், நான் பக்கத்தில் இருக்கிறேன், டாக்சிக்குச் சொல்கிறேன் என்றேன். கெஞ்சினேன். அவன் அமைதியாகத் தலையாட்டி மறுத்தான்.

"இனித் தேவையில்லை. அவ இப்ப ஓடுறேல்லை. நான் அசையாமல் இருக்க இருக்க, கிட்ட வந்திட்டா. இஞ்சைதான் இருக்கிறா."

கட்டிலின் ஓரத்தைக் காட்டினான். விரிப்பு சுருக்கமில்லாமல் கிடந்தது. ஏன் கேட்டேனோ தெரியவில்லை. "என்ன சொல்லுறா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா."

யூட் இன்னும் உயிரோடு இருக்கிறான். ஞாயிறுகளில் பூசை முடிந்து சோறு கொண்டுபோகிறேன். நான்காம் மாடிவரை ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறேன். எனக்கு ஒரு நோயும் இல்லை, கால்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. என் நெஞ்சு வேகமாக அடித்துவிடக் கூடாதே என்றுதான்.