போலீஸ் அக்காவின் வெறும் வயிறு

ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவளுக்குக் கர்ப்பிணிகள் வைத்த பெயர் போலீஸ் அக்கா. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வழியில் எதையாவது வாயில் போட்டுக்கொண்டு வந்து, "தண்ணிகூட குடிக்கலக்கா" என்று சாதிப்பவர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை மெஷினில் சுற்றவிட்டால் மேலே நீர் தெளிந்து நிற்கும். கொழுப்பாக எதையாவது தின்றிருந்தால் அந்த நீர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிடும். அவ்வளவுதான், குழாயைத் தூக்கிக் காட்டி, "வெண்ணெய் தடவுன ரொட்டியா, வறுத்ததா? உண்மையச் சொல்லு" என்று பிடித்துக்கொள்வாள். பிறகென்ன, நாளைக்கு வா என்று துரத்திவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கே நாற்பதை எட்டும் வயதில் வயிற்றில் பிள்ளை, கூடவே சர்க்கரை. தவமிருந்து கிடைத்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தாள். ஊசி மருந்து வேண்டுமா, சாப்பாட்டைக் குறைத்தால் போதுமா என்பதை இன்றைய ரத்தம்தான் சொல்ல வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும்தான். அவள் கண்ணில் படக்கூடாதென்று வீட்டுக்காரர் மாடிப்படியில் ஒளிந்து சாப்பிட்டார், பாவம்.

மெஷின் நின்றது. கூட வேலை பார்க்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி அவளுடைய குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். நீர் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"என்னக்கா சாப்பிட்ட?"

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடலடி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நாளைக்கு வா."

"என்னையவே சந்தேகப்படுறியா?"

"நீ சொல்லிக்குடுத்ததுதானேக்கா."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குழாயோடு டாக்டரம்மாவிடம் ஓடினாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"கர்ப்பத்துல சர்க்கரை வந்தா, சில பேருக்குப் பட்டினி கிடந்தாலும் ரத்தத்துல கொழுப்பு ஏறி நிக்கும்மா. மறுபடி எடுக்க வேண்டாம். இதுலயே அந்தக் கொழுப்பும் எவ்வளவுன்னு பாக்கச் சொல்லு. ஊசி போட வேண்டியிருக்கும்னு நினைக்கிறேன். போட்டுக்கிட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாத."

அப்பாடா என்று வெளியே வந்தவள் கண்ணில், வராந்தா பெஞ்சில் இருந்தவள் பட்டாள். பஸ் கண்டக்டர். ஏழு மாதம், அவளுக்கும் சர்க்கரை. குழாய் வெளுத்ததென்று இரண்டு முறை இவளிடம் திட்டு வாங்கித் திரும்பிப் போனவள். போலீஸ் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தப்பு என் மேலதாம்மா. நீ சாப்பிடாமத்தான் வந்திருக்க. நான்தான் நம்பல."



"மொதத் தடவை நெஜமாவே சாப்பிடலக்கா," என்றாள் கண்டக்டர். "ரெண்டாவது தடவை, எப்படியும் திட்டு விழத்தானே போகுதுன்னு நல்லா சாப்பிட்டுட்டே வந்தேன்."