பெயர் இழந்த இரண்டு புட்டிகள்

மலையிலுள்ள ஆலத்தூர் நாட்டைச் சேர்ந்த சென்றாயன், அந்த மலைமேலேயே இருக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் ஏழு ஆண்டுகளாகத் தற்காலிக உதவியாளர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. ஆயினும், அலமாரிச் சாவியை ஆசிரியை ஜெசிந்தா அவரை நம்பியே கொடுத்திருந்தார்.

கார்த்திகை ஈரத்தில் புட்டிகளின் பெயர்ச்சீட்டுகள் உரிந்தன. சென்றாயன் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளிக்கிழங்கு மாவைக் காய்ச்சி, அந்தப் பசையால் அவற்றை ஒட்டினார். கெட்டியாகத்தான் ஒட்டியது, ஆனால் பூச்சிகளுக்கு அது விருந்தாயிற்று. தை மாதத்தில், அதிகாரி ஆய்வுக்கு வருவதற்கு முந்தின நாள், அலமாரியைத் திறந்து பார்த்தார். இரண்டு புட்டிகளில் சீட்டே இல்லை. இருப்புப் பதிவேட்டின்படி ஒன்று லித்தியம் குளோரைடு, மற்றொன்று சோடியம் குளோரைடு; எது எதுவென்றுதான் தெரியவில்லை. இரண்டும் நமுத்த வெள்ளைத் தூள். பெயரில்லாத புட்டி அறிக்கையில் ஏறும். அவருடைய பணி நீட்டிப்பு அந்த அறிக்கையைப் பொறுத்தது. தோன்றிய பெயரை எழுதி ஒட்டிவிடலாமா என்றுகூட நினைத்தார். அதை நம்பிப் பிள்ளைகள் கையில் எடுப்பார்களே என்று மனம் தடுத்தது.

“டீச்சர், தப்பு எம்மேலதானுங்க. சாவிய வாங்கிக்குங்க.”

“பூச்சிக்குப் பொங்கல் வெச்சுட்டீங்களேண்ணே!”

“நாக்குல துளி வெச்சுப் பாத்துரட்டுங்களா?”

“மொதல்ல கைய எடுங்க! ஸ்பிரிட்டக் கொண்டாங்க.”

இரண்டு சோதனைக் குழாய்களில் ஸ்பிரிட்டை ஊற்றி, ஒவ்வொரு சிட்டிகை போட்டுக் குலுக்கினார் ஜெசிந்தா. ஒரு தூள் மணல்போல் அடியில் தங்கியது. மற்றது இருந்த இடம் தெரியாமல் கரைந்தது.

“கரைஞ்சது லித்தியம்.”

“அதெப்புடிங்க? ரெண்டும் உப்புத்தானுங்களே?”

ஜெசிந்தா, சென்றாயனின் டிபன் பாக்ஸிலிருந்த ராகிக் களி உருண்டையைக் காட்டினார். “இது குளோரைடு. சுத்தி எலக்ட்ரான் மேகம். உள்ளங்கையால லேசா அமுக்குங்க.” உருண்டை குலையவில்லை. “அதே பலத்துல ஒத்த விரலால அமுக்குங்க.” குழி விழுந்தது. “சோடியம் உள்ளங்கை, லித்தியம் விரல் நுனி. ரெண்டுக்கும் மின்னூட்டம் ஒண்ணுதான். ஆனா லித்தியம் சின்னது, அதனால குளோரைடோட மேகத்தத் தம்பக்கம் பலமா இழுத்துச் சாய்ச்சிரும். அதுதான் முனைவுறுதல். முழுக்கக் குளோரைடுகிட்ட இருந்த எலக்ட்ரான்ல லித்தியத்துக்கும் கொஞ்சம் பங்கு கெடைக்குது. உப்புக்குக் கொஞ்சம் சகப்பிணைப்புக் குணமும் வருது. ஸ்பிரிட்டும் சகப்பிணைப்புச் சேர்மந்தான், அதனால அந்தக் குணந்தான் இத ஸ்பிரிட்ல கரைய வைக்குது.”

“இழுக்குதுன்னு சொல்லிப்போட்டு அமுக்கச் சொல்றீங்களே டீச்சர்?”

“களிய இழுத்தா உங்க மத்தியானச் சாப்பாடு போயிருமேண்ணே!”

சென்றாயனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஜெசிந்தா தெளிந்த கரைசலைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தீக்குச்சியை அவரிடம் நீட்டினார். வழக்கமாக நீலமாக எரியும் ஸ்பிரிட், லித்தியத்துக்கே உரிய குங்குமச் சிவப்பாக எரிந்தது. ஜெசிந்தா சாவியைத் திரும்பவும் அவர் கையிலேயே திணித்தார். “நடந்தத நாளைக்கு நாமளே சொல்லிருவோம்.”

மறுநாள் அதிகாரி கதை முழுவதையும் கேட்டார். கரைசலைக் கிண்ணத்தில் மீண்டும் எரித்துக் காட்டச் சொன்னார். சென்றாயனே தீக்குச்சியைக் கிழித்து எரித்துக் காட்டினார். நீட்டிப்பு ஆணை மாசியில் வந்தது.

அந்த வாரமே பேளுக்குறிச்சிச் சந்தையில் பள்ளிக்காகக் கடைக் கோந்து வாங்கினார். அதன் முதல் சொட்டு, தம் கொடியில் விளைந்த மிளகை நிரப்பிய புட்டி ஒன்றுக்குச் செலவாயிற்று. ஜெசிந்தாவின் மேசையில் அவர் வைத்த அந்தப் புட்டியின் சீட்டில், கோணல் எழுத்தில் இருந்தது: ‘மிளகு. நாக்குல வெச்சுப் பாக்கலாம்.’