பத்து நிமிடம் முந்திய கடிகாரம்

என் அக்காளின் நாத்தனார் மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். பஸ் கண்டக்டர். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் ‘விசில்’தான். வீட்டுக்காரர் தையல்காரர், அவர் குரல் தையல் மெஷினின் சத்தத்தைத் தாண்டி எழும்பியதில்லை. ஒரே மகள், பத்து வயது.

பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு நுழைவுத்தேர்வு வைத்து நாற்பது பிள்ளைகளைக் காசு வாங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். காசு கட்டிச் சேர்க்க இவர்களுக்கு வழியில்லை. மகளை அந்த நாற்பதில் ஏற்றியே தீருவது என்று விசில் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

டூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் ஆரம்பித்துவிடுவாள்.

“ஆளுக்குப் பதினேழு. மூணு பேர் ஏறுறாங்க. நூறு நோட்டு நீட்டுறாங்க. மீதி?”

“நாப்பத்தொம்பது. சில்லறை இல்ல, இறங்கும்போது கேட்டு வாங்கிக்கோங்க!”

“அடி கழுதை, பரீட்சைத் தாள்லயும் அப்படியே எழுதி வச்சிடாதே.”

காசுக் கணக்கில் பிள்ளை புலி. ஆனால் வகுப்பில் வைத்த மாதிரித் தேர்வில் கடிகாரக் கணக்கு எட்டும் தப்பு. ‘மணி பார்க்கத் தெரியவில்லை’ என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நுழைவுத்தேர்வுக்கு இருபதே நாள்.

விசில் தாளை விரித்து வைத்துப் பார்த்தாள். படத்தில் ஏழு நாற்பது. பிள்ளை எழுதியது ஏழு முப்பது. படத்தில் மூன்று பத்து, எழுதியது மூன்று. எட்டிலும் சரியாகப் பத்து நிமிடம் குறைவு.

“ஏண்டி இப்படி?”

“கடிகாரம்னா பத்து நிமிஷம் கழிச்சுத்தானேம்மா சொல்லணும்?”

விசிலுக்குச் சுருக்கென்றது. முதல் பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று, பிள்ளை பிறப்பதற்கு முன்பே வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்தவள் அவள்தான். அந்த வீட்டில் யார் மணி கேட்டாலும் கழித்துத்தான் பதில் வரும்.

ஸ்டூலைப் போட்டு ஏறி முள்ளைச் சரியான மணிக்குத் திருப்பினாள்.

“வேணாம்மா,” என்றார் தையல்காரர். “நீ ஒரு நிமிஷம் பிந்தினாலும் டிப்போல வேற ஆள ஏத்தி விட்டுடுவான். பிள்ளைக்குச் சொல்லிப் புரியவச்சா போதாதா?”

“சொன்னா காதுக்குப் போகும். பழக வேண்டியது கண்ணுல்ல?”

மறுநாளே அவர் சொன்னது பலித்தது. கடிகாரத்தில் நாலு பத்து. நாலுதானே என்று பழக்கதோஷத்தில் கழித்துக்கொண்டு, ஆற அமர டீ குடித்துவிட்டுப் போனாள். பஸ் போய்விட்டது. அன்றைய சம்பளமும் அதோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் தையல்காரர் ஸ்டூலின் மேல் நிற்கிறார்.

“இறங்குங்க. முள்ளைத் தொட்டா இங்க ஒரு கொலை விழும். பெத்தவளே கழிக்கிறதை மறக்காம பிள்ளை எப்படி மறக்கும்?”

அன்றிலிருந்து ஒரு பந்தயம். மணியைக் கழித்துச் சொன்னவர் ராத்திரிப் பாத்திரம் தேய்க்க வேண்டும். முதல் வாரம் முழுக்கத் தேய்த்தது தாய்தான். அடுத்த வாரம் மகள். கடைசி நான்கு நாள் தையல்காரர் தலையில் விழுந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்த மகளைப் பிடித்துக்கொண்டாள். “கழிச்சியாடி?”

“ஒண்ணுல கழிச்சுட்டேம்மா. அப்புறம் பாத்திரம் ஞாபகம் வந்துச்சு. அழிச்சுட்டுச் சரியா எழுதினேன்.”

பட்டியல் ஒட்டிய அன்று விசில் விரலை வைத்து மேலிருந்து இறங்கினாள். பத்து, இருபது, முப்பது. விரல் முப்பத்தொன்பதில் நின்றது.

“ஃபுட்போர்டுல தொங்கிக்கிட்டுல்லடி ஏறியிருக்கே!”

“ஏறியாச்சுல்ல? விசிலடிம்மா, வண்டி கிளம்பட்டும்.”

தோல்பையிலிருந்து விசிலை எடுத்து அவள் ஊதிய ஊதலில், அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் வாட்ச்மேன் குச்சியோடு ஓடி வந்தார்.