மச்சானைப் பழிவாங்க வந்த பேய்

எங்கள் வள்ளம் சினிமாவில் நடித்திருக்கிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி யாரென்றே தெரியாவிட்டாலும், இதைச் சொல்லாமல் நான் எழுந்ததில்லை. படம் எப்படி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எனக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிடும்.

அது ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தைக் குறை சொல்ல முடியாது. சங்கு குளிக்கப் போனவனின் கயிற்றை அறுத்து முதலாளி கொன்றுவிடுகிறான். செத்தவன் ஈரக் காலோடு கரையேறி வந்து, தண்ணீர் இருக்கிற இடத்திலெல்லாம் முளைத்து, ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். தூத்துக்குடியில் அந்தப் படம் ஓடியபோது எங்கள் தெருவே வெலவெலத்துப் போனது. அடுத்த வீட்டுக்காரி குளியலறை வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். என் தம்பிக்கு மட்டும் அந்தப் பேய் என்றால் உயிர். செல்போனில் ஏற்றி வைத்துக்கொண்டு தின்னும்போதும் பார்த்தான், படுக்கும்போதும் பார்த்தான். வினை அங்கேதான் பிடித்தது.

என் வீட்டுக்காரரும் சங்கு குளிப்பவர்தான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், குழாய் வழியாகக் காற்று கீழே போகும், இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் மறுபேச்சு இல்லாமல் இழுத்துத் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியோடு பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான். முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று, அந்த வழக்கம் நிற்கவில்லை.

ஒருநாள் கயிறு பிடிக்க வேண்டிய தம்பி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பேய்ப்படத்தில் மூழ்கியிருந்த நேரம் கம்ப்ரசர் நின்றுவிட்டது. இவர் கீழே இருந்து கயிற்றைச் சுண்டு சுண்டு என்று சுண்டியிருக்கிறார். மேலே ஆள் அசையவில்லை. இவர் தானாகவே தட்டுத்தடுமாறி மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வடிந்ததாம். தம்பி அப்போதும் குனிந்த தலை நிமிராமல் பேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

இவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். தருவைகுளத்து ஆள் ஒருவரைக் கூலிக்குக் கயிறு பிடிக்க அமர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். தம்பியோடு பேச்சு நின்றது. அவனும் வெட்கத்தில் எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதை விட்டுவிட்டான். அந்தக் கூலியாள் தங்கமான மனிதர்தான், ஆனால் என் வீட்டுக்காரர் மேலே வராவிட்டால் அவருக்கு என்ன நஷ்டம்? இந்த ஒரு நினைப்பு என்னைத் தின்றது. வள்ளம் கரைக்கு வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. தம்பி கையில் திரும்பக் கயிற்றைக் கொடுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அந்த நேரத்தில்தான் இரண்டாம் பாகம் எடுக்கிறவர்கள் எங்கள் கரைக்கு வந்தார்கள். எங்கள் வள்ளத்தை வாடகைக்கு எடுத்துக் கன்னங்கரேல் என்று பெயின்ட் அடித்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர் என்னிடமே வந்து, யார் கயிறு பிடிப்பார்கள், ஏன் பிடிப்பார்கள் என்றெல்லாம் கேட்டார். நானும் பெருமையாக மச்சான்மார் வழக்கத்தை விளக்கினேன். மனிதர் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிக்கொண்டு போனார்.

படம் வந்தது. சொந்த வள்ளத்தைத் திரையில் பார்க்காமல் இருக்க இவருக்கும் சரி, தம்பிக்கும் சரி, மனம் கேட்கவில்லை. மேட்னி ஆட்டம். இவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் பாப்கார்ன் பொட்டலத்தோடு நான். இவர் எனக்கு வலப்பக்கச் சுவரைப் பார்த்தார், அவன் இடப்பக்கச் சுவரைப் பார்த்தான்.

முதல் காட்சியிலேயே வில்லன் ஒரு சங்கை உடைக்கிறான். உள்ளே முத்து! கொட்டைப் பாக்கு பருமனில் முத்து! சிப்பியில் இருக்க வேண்டிய முத்தைச் சங்குக்குள் கண்டதும் தியேட்டரே கூரை பறக்கிற மாதிரி சிரித்தது. அதோடு அந்தப் பேயின் மானம் கப்பலேறியது. சும்மா இருந்தாலாவது பரவாயில்லை, இந்தத் தடவை பேய்க்கு வசனம் வேறு கொடுத்திருந்தார்கள். கொல்வதற்கு முன்னால் நின்று நிதானமாக ஒரு பக்கம் பேசுகிறது. அதுவரை வில்லன் ஓடாமல் மரியாதையாகக் காத்துக்கொண்டு நிற்கிறான். தண்ணீரே ஆகாது என்று ஒருவன் உப்பளத்தில் உப்புக் குவியலுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தால், பேய் அங்கே தண்ணி கேனுக்குள்ளிருந்து கிளம்பி வருகிறது. இடுப்பில் அறுந்த கயிறு வால் மாதிரி இழுபட, மாடிப்படியில் அதன் மேலேயே கால் வைத்து இடறியது பாருங்கள், அதையும் வெட்டாமல் மெதுவோட்டத்தில் காட்டினார்கள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. பக்கத்தில் இவர் தோள் குலுங்கியது. வாளியைக் கவிழ்த்து வைத்த அடுத்த வீட்டுக்காரி முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகுதான் பெரிய திருப்பம். கயிற்றை அறுத்தது முதலாளி இல்லையாம், பெண்டாட்டியின் தம்பியாம். அக்காள் பேரில் இருக்கும் சொத்துக்காக மச்சானைக் கொன்றுவிட்டானாம். நான் விளக்கமாகச் சொன்னதை இந்த லட்சணத்தில்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலே கூறுகெட்டவனே, அவன் செத்தா ஒங்க அக்காவயும் புள்ளயளயும் யாருலே வச்சுப் பாப்பா? நீதானலே பாக்கணும்!"

தியேட்டர் வெடித்தது. விசில், கைதட்டல். திரையில் கடலுக்கடியில் இருப்பவன் கயிற்றைச் சுண்டுகிறான், மேலே அந்தத் தம்பிக்காரன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அதே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஜனம் திரும்பத் திரும்பச் சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே தம்பி பக்கம் திரும்பினால், அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவன் சட்டென்று எழுந்து வெளியே போனான். நான் எழுவதற்கு முன்னால் இவர் எழுந்துவிட்டார்.

பைக் நிறுத்துகிற இடத்தில் வேப்பமர நிழலில் தம்பி நின்று அழுதுகொண்டிருந்தான். இவர் அவன் முன்னால் போய் நின்றார். நான் பாப்கார்னும் கையுமாகப் பின்னால் ஓடி வந்தேன்.

"அன்னைக்கு நீ பாத்தது இந்தப் பேயத்தானலே?"

தம்பி தலையை ஆட்டினான்.

"இந்தக் கோமாளிப் பயலுக்காகவாலே என்னய விட்ட?"

கேட்டுவிட்டு இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கண்ணில் நீர் கட்டியதை நான் பார்த்தேன். அன்றைக்குக் கடலுக்கடியில் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வள்ளத்துக்கு வரட்டுமா என்று கேட்டான். இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அவளக் கேளு. மூச்சு என்னோடது, தாலி அவளோடது."

இத்தனை மாதமாக நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததை என்னிடமே திருப்பிவிட்டார் மனிதர். நான் விடுவேனா? தம்பியை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

"நீதாம்லே புடிக்கணும். கூலிக்கு வாரவரு விட்டுட்டா அவரு வீட்டுக்குப் போயிருவாரு. நீ விட்டன்னா நான் புள்ளயளக் கூட்டிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வந்துருவேன். சாகுற வரைக்கும் போவ மாட்டேன். அந்தப் பயம் ஒனக்கு இருக்கணும்."

தம்பி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"எந்தப் பேய வேணாலும் சமாளிச்சிருவேன்க்கா," என்றான். "நீ வந்து உக்காந்தா எங்களால தாங்க முடியாது. மச்சான விடவே மாட்டேன்."