முதுகில் முகவரி

காரைக்குடிப் பக்கத்து எழுவர் கால்பந்துப் போட்டிகளில் நான் காசு வாங்கி ஆடியவன். ஆகவே தொழில்முறை வீரன். எங்கள் அணியை ஒரு ஜவுளிக்கடை முதலாளி எடுத்துக்கொண்டதும் விளையாட்டு அமோகமாக வளர்ந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்கக் கடையின் பெயர், முதுகு முழுக்க முகவரி. எண்ணுக்கு இடுப்போரம் தீப்பெட்டி அளவு இடம் மிஞ்சியது.

கோட்டையூரில் நடந்த அரையிறுதியில் எங்கள் எட்டாம் எண்காரர் எதிராளியின் காலை வாரிவிட்டார். நடுவர் என் இடுப்பருகே குனிந்து, என் மூன்றை எட்டென்று படித்து, சிவப்பு அட்டையை நீட்டினார்.

“சார், நான் மூணு!”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீக. வெளிய போங்க.”

ஆறு பேரோடு ஆடித் தோற்றோம். மறுநாள் திட்டு வாங்கத் தயாராகக் கடைக்குப் போனேன். முதலாளி பத்திரிகையை விரித்துவைத்துச் சிரித்தார். தலைகுனிந்து வெளியேறும் என் படம். முதுகில் முகவரி பளிச்சென்று தெரிந்தது.

“செயிச்சவுக படம்கூட இம்புட்டுப் பெருசா வரலை தம்பி. அடுத்த மேட்ச்லயும் இதே மாதிரி நடங்க.”

“அடுத்த மேட்ச் நான் ஆட முடியாதுங்க. தடை.”

“ஆடச் சொன்னேனா? கோட்டோரமா நடங்க, போதும்.”

நடந்தேன். கோல் போட்டபோதுகூடக் கைதட்டாத மனிதர், அன்று எழுந்து நின்று தட்டினார்.