எர்லிண்டாவின் கால் கட்டைவிரல்

வாய்க்காலில் இறங்குமுன் எர்லிண்டா குவமாட்சி ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கரையில் வைக்கிறாள். தரையில் நடக்கப் பூட்ஸ், சேற்றில் வெறுங்கால். "சேத்துக்குள்ள என்ன கெடக்குன்னு பூட்ஸுக்கா தெரியும்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பாள். ஐம்பத்தெட்டு வயது. சவாபான் ஆற்றிலிருந்து பிரிந்து, சான் எலியாஸ் துணி மில்லுக்குள் புகுந்து வெளியே வரும் வாய்க்காலை இருபது வருஷமாக நகராட்சிக்காகத் தூர்வாருகிறாள். மில் மூடி முப்பது வருஷம் ஆகிறது. தண்ணீர் மட்டும் சோளக்காட்டுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

மில்லின் பின்புறம், சாயத்தண்ணீர் விழுந்த இடத்தில், ஒரு முழ அகலச் சேற்றை அவள் வேண்டுமென்றே அள்ளாமல் விட்டுவைத்திருக்கிறாள். யாராவது மில்லைப் பற்றிக் கேட்டால் அதை மண்வெட்டியால் நேராகச் சீவிக் காட்டுவாள். மேலே கறுப்பு. அடுத்தது பச்சை, ராணுவத்துக்கு நெய்த வருஷங்கள். அதற்கும் கீழே கொஞ்சம் சிவப்பு. "இது போர்வை ஆர்டரு. அதுக்கு மேல வெறும் மணலு பாத்தியா? ஏழு மாசம் வேலைநிறுத்தம். ஒரு பய சாயம் கலக்கல."

நான் பக்கத்து வீட்டுக்காரன். மில் தொழிலாளருக்குக் கட்டிய வரிசையில் அவள் வீடு பதினான்கு, என் வீடு பதினைந்து. நடுச்சுவர் ஒன்றுதான். அவள் ஒகோட்லான் மாதா படம் மாட்ட ஆணி அடித்தால் என் காபியில் காரை விழும். காரையோடு பஞ்சும் விழும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் மில்லின் கழிவுப் பஞ்சைச் சுண்ணாம்போடு பிசைந்து பூசியிருக்கிறார்கள். காசில்லாமல் கிடைத்ததே. "இது சுவரா, தலகாணியா?" என்று திட்டிக்கொண்டே மாதாவை வேறு இடத்துக்கு மாற்றுவாள்.

இந்த வருஷம் மில்லையும் எங்கள் வரிசையையும் இடித்துக் குடோன் கட்ட ஒரு நிறுவனம் வந்தது. 1900க்கு முன் எழுந்த கட்டடத்தைச் சட்டப்படி இடிக்க முடியாது. மில் வாசல் கல்லிலோ 1903 என்று இருக்கிறது. மூன்றே வருஷ வித்தியாசத்தில் எங்கள் கூரை போகப் பார்த்தது.

"அது முதலாளி மகன் பின்னாடி வச்ச கல்லு. மதகடியில வேற கல்லு இருக்கு. ஒண்ணு, எட்டு, ஒம்பது. கடைசி எண்ணு மேல சேறு இறுகிப்போச்சு. என் கட்டைவிரலு தடவிப் பாத்திருக்கு" என்றாள் எர்லிண்டா.

"அந்தக் கட்டைவிரலக் கோர்ட்டுல சாட்சி சொல்லச் சொல்லு" என்று கேலி பேசியவர்களில் முதல் ஆள் நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி ஷிமேனா ரோல்தான் வந்தார். மதகை அடைத்துத் தண்ணீரை இறைத்தோம். தெரு முழுக்கக் கரையில் நின்றது. யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எர்லிண்டா தொடையளவு சேற்றில் நின்று காலால் துழாவினாள். "இருக்காரு, இருக்காரு" என்றாள். பிறகு குனிந்து சேற்றை வழித்து, கல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஒன்று. எட்டு. ஒன்பது. இறுகிய சேறு பெயர்ந்ததும் நான்கு. நாங்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. நான் பக்கத்தில் நின்றவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். பார்த்தால், ஆறு வருஷமாக என்னோடு பேசாத என் மச்சான்.

குடோன் நிறுவனத்து இன்ஜினியர் மட்டும் அசையவில்லை. "மதகு பழசுதான், ஒத்துக்கறேன். ஆனா இங்க முதல்ல மாவு மில்லு இருந்துச்சு. அதுக்குக் கட்டின மதகு இது. துணி மில்லு 1903தான்."

ஷிமேனா பேனாவை மூடினார். "அவர் சொல்றதும் நடந்திருக்கலாம், எர்லிண்டா அம்மா. மதகு பிழைச்சுது. மில்லுக்கும் வீடுகளுக்கும் வேற சாட்சி வேணும்."

எர்லிண்டா கல்லின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு மேலங்கிப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தாள், எங்கள் நடுச்சுவரைப் படாதபாடு படுத்திய அதே ஆணி. கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த காரையில் வைத்து மண்வெட்டிக் காம்பால் தட்டினாள்.

"ஏங்க இன்ஜினியர், மாவு மில்லுல சுண்ணாம்போட எதப் பிசைவாங்க? தவிட்டயா?"

காரை உதிர்ந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டு எதையோ நோண்டி எடுத்தாள். பழுப்பேறிய பஞ்சு, ஒரு சிட்டிகை.

"கல்லு வைக்கும்போதே இது கலவைக்குள்ள போயிருக்கு. அப்பவே இங்க துணி மில்லு ஓடியிருக்கு. என் வீட்டுச் சுவரும் இதே கலவைதான். தெனம் திட்டறேனே, இவனைக் கேளுங்க."

நான் வேகவேகமாகத் தலையாட்டினேன். ஷிமேனா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார். எர்லிண்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பஞ்சைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல முறுக்கி இழுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு நூல் வந்தது. ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை ஷிமேனாவின் விரல்களுக்குள் வைத்து மூடினாள்.