பதினோரு நாவல் மரங்கள்

அந்த மருத்துவமனையின் கார் நிறுத்தத்தில், தோட்ட மேற்பார்வையாளருக்கு இரண்டு பட்டப்பெயர்கள். முதல் ஆறு வருடம் டிரைவர்கள் அவரை நிழலண்ணன் என்றார்கள். ஏழாம் வருடம் மரங்கள் காய்த்தன. அன்றிலிருந்து கறையண்ணன்.

மரத்தை அவர் ஏனோதானோவென்று தேர்ந்தெடுக்கவில்லை. கொளுத்துகிற மாதத்தில், உச்சிவெயிலில், ஒவ்வொரு மரத்தடியிலும் தன் ஸ்கூட்டரை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, பிறகு இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொன்றையடியில் கை சுட்டது. தூங்குமூஞ்சி மரத்தின் வேர் நடைபாதையையே பெயர்த்திருந்தது. வாதாமரத்தின் அகல இலைகள் சாக்கடை வாயை அடைத்திருந்தன. நாவலடியில் மட்டும் இருக்கை குளுகுளுவென்று இருந்தது. பதினோரு கன்று வைத்தார். பழம் விழும் என்று தெரியாதா? பேஷாகத் தெரியும். நோயாளிகளோடு வருகிறவர்கள் பொறுக்கித் தின்றுவிடுவார்கள் என்று நம்பினார். ஆஸ்பத்திரிக்குப் பதறியடித்து ஓடிவருகிறவன் குனிந்து பழம் பொறுக்குவானா? அதை யோசிக்காமல் விட்டார் மனுஷன். டாக்டர்களின் கார்களோ சொல்லிவைத்தாற்போல் அத்தனையும் வெள்ளை.

அதன்பிறகு பழக்காலத்தில் அவருக்கு லீவு கிடையாது. விடிந்தால் துடைப்பம், பத்து மணிக்கு ஈரத்துணி, மத்தியானம் வலை கட்டுவது, சாயங்காலம் திட்டு. மனைவி இறந்துபோனதும் ஒரு பழக்காலத்தில்தான். நான்காம் நாளே துடைப்பத்தோடு வந்து நின்றார்.

இந்த வருடம் ஒரே மகளுக்குப் பிரசவம். ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊர். மருமகன் கப்பல் வேலைக்குப் போய் நான்கு மாதமாகிறது. மாமியாரும் இல்லை. "நீங்க பக்கத்துல இருந்தா போதும்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். டாக்டர் குறித்த தேதி பழக்காலத்தின் நட்டநடுவில் விழுந்தது.

லீவு கேட்டு நிர்வாக அதிகாரியம்மாவிடம் போய் நின்றார். அந்தம்மா கெட்டவர் இல்லை. கறைபட்ட ஒவ்வொரு காருக்கும் டாக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

"நட்டது நீங்க. நீங்களே போய்ட்டா யாரு துடைப்பா?" என்றார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு பண்ணலாம். மரத்தையே எடுத்துடலாம். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை? தாராளமா போய்ட்டு வாங்க. வெட்ட வேண்டிய மரத்துல பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க."

இரண்டு நாள் அவர் பெயின்ட் டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தார். முதல் மரத்தடியில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பாமல், அவர் தலைக்கு மேலேயே சிவப்பு வட்டம் போட்டார் கறையண்ணன். மகள் முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார். அன்றே ரயில் டிக்கெட் எடுத்தார். மகளிடம் மரம் வெட்டுகிற கதையைச் சொல்லவில்லை, லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஒரே நாளில் பதினொன்றும் சாய்ந்தன. மறுநாள் வேரைத் தோண்ட எந்திரம் வந்தது. ஒப்பந்தக்காரர் வரைபடத்தை விரித்தார். ஆக்சிஜன் குழாய் சுவரோரமாகப் போவதாக அதில் கோடு போட்டிருந்தது. உண்மையில் குழாய் போவது மரவரிசைக்கு அடியில். கன்றுக்குக் குழி வெட்டியபோது கண்ணால் பார்த்தவர் கறையண்ணன் ஒருவர்தான். அவருடைய பை காவலாளி அறையில் தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டு ரயிலேறிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதை மறைப்பானேன். மேலே வார்டில் மூச்சுக்குக் குழாய் மாட்டிக்கொண்டு எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள்! சொல்லிவிட்டார்.

"அப்ப நீங்க இல்லாம ஒரு வேரைக்கூடத் தொட முடியாது" என்றார் அதிகாரியம்மா. அவர் முகமும் சுருங்கித்தான் போயிற்று.

எந்திரம் திரும்பிப் போயிற்று. கடப்பாரைதான். ஒரு வேருக்கு இரண்டு நாள். குழாய் எங்கே வளைகிறது, எங்கே மேலே ஏறுகிறது என்று ஒவ்வொரு குழிக்குள்ளும் அவரே இறங்கிக் காட்ட வேண்டியிருந்தது. குழாய் வேலையில் மாட்டிக்கொண்டதாக மகளிடம் சொன்னார். அவள், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள்.

எட்டாவது வேர் தோண்டுகிற அன்று, மத்தியானம் போன் வந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். போனில் குழந்தை வீறிட்டது. குழியிலிருந்து ஏறி வந்தவருக்கு ஒதுங்கி நின்று பேச இடமில்லை. தார்த்தரை தகித்தது. சுற்றிலும் வெள்ளைக் கார்கள் கண்ணைக் கூசவைத்தன. கேட்க ஆயிரம் இருந்தும், "நல்லாயிருக்கியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். உங்களுக்குத்தான் இப்படி மூச்சு வாங்குது" என்றாள் மகள். "வெயில்ல நிக்காதீங்கப்பா. உங்க மரத்தடிக்குப் போய் நின்னு பேசுங்க."

"சரிம்மா" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "வந்துட்டேன்" என்றார்.